கலம் ஒட்டப் படித்தவள்

மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கினால், வாசலில் என்னை முதலில் வரவேற்றது என் முகம்தான். தென்னை மரங்களுக்கு நடுவில் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த வாப்பாவின் பைபர் படகை மூடி, ஆறடி அகலத்தில் என் படம் போட்ட பெனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். என் மூக்கு சரியாகப் படகின் மூக்கின் மேல் விழுந்திருந்தது. காகம் ஒன்று நெற்றியில் தன் அலுவலை முடித்துவிட்டுப் போயிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று உம்மா எப்போதும் சொல்வா. அன்றைக்கு அது பொய்யில்லை. "இது என்ன கூத்து?" என்றுதான் ஸலாம் சொல்வதற்கு முன்பே கேட்டேன். உம்மா என் பையை வாங்கிக்கொண்டு, மழைக்கு நல்ல கட்டியான துணி மகள், வீணாக்கலாமா என்றா.

பெனரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். நான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எலிக் கலங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் உயிரின் மிகச் சின்னத் துண்டுக்குக் கலம் என்றுதான் பெயர். மூன்று நாலு நாள் வயதான எலி முளையம், அதாவது தாய் வயிற்றில் அப்போதுதான் உருவாகத் தொடங்கிய எலிக்குஞ்சு, அதிலிருந்து எடுக்கிற தண்டுக் கலங்கள் இன்னும் என்னவாக வருவது என்று முடிவெடுக்காதவை. தோலாகலாம், இதயமாகலாம், நரம்பாகலாம். அவை ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது அவை பின்னால் என்னவாகின்றன என்பதை எப்படி மாற்றுகிறது, அதுதான் என் கேள்வி. இந்தப் புலமைப்பரிசில் கிடைத்த சந்தோஷத்தில் எங்கள் ஊர்க் குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் இல்லாமலே எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். பள்ளி அதிபர் போன் எடுத்து, பெனரில் போட வேண்டும், என்ன படிக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள் என்றார். எலியைப் பற்றிப் படிக்கிறேன் சேர் என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். நான் யார்? அகராதியைப் புரட்டி, செந்தமிழில் எழுதி அனுப்பினேன்.

"முளையத் தண்டுக் கலங்களில் கல ஒட்டலும் விதி நிர்ணயமும்."

எங்கள் கரையில் எழுத வாசிக்கத் தெரிந்த ஒவ்வொரு ஆளும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது படகுப் பதிவுப் படிவம் நிரப்பியிருப்பார். சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கிற கெடுபிடியெல்லாம் போன பிறகு மிஞ்சியது அந்தப் படிவம் ஒன்றுதான். அதில் படகு என்ற சொல்லே கிடையாது. கலத்தின் வகை, கலத்தின் நீளம், கலத்தின் நிறம். ஆகவே கலம் என்றால் படகு. தண்டு என்றால் பழைய ஆட்களுக்குத் துடுப்பு. தண்டுக் கலம் என்றால் துடுப்புப் போட்ட படகு. முளையம் என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை, அது வெளிநாட்டுக் கம்பனியின் பெயராக இருக்கும் என்று தீர்மானித்துவிட்டார்கள். கல ஒட்டல் என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. விதி நிர்ணயம் என்றால் மீன்பிடிச் சட்டதிட்டம் போடுவது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து ஒரு பெண் பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் உடைந்த படகு ஒட்டுவதைப் படித்துக்கொண்டு, கூடவே எந்த வலை போடலாம் போடக்கூடாது என்றும் தீர்மானிக்கப் போகிறாள் என்று ஊர் முழுக்கப் பெருமை.

இதுவரைக்கும் சிரிப்புதான். சிரிப்பு நின்றது இரவுச் சாப்பாட்டில். வாப்பா பாரைமீன் துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு, நாளைக்கு வெளிச்சத்தில படகைப் பார் மகள், முன்னால வலது பக்கம் வெடிச்சிருக்கு என்றார். இரண்டு மாதத்துக்கு முன் கரையேற்றும்போது கல்லில் அடிபட்டதாம். ஒட்டாமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வாப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மீன் முள் தொண்டையில் நின்றது.

எனக்காக வைத்திருந்தார். மாம்புரியில் பைபர் ஒட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், வாப்பாவின் வயது, வாப்பாவோடு இருபது வருஷப் பழக்கம், எங்கள் கரையில் பாதிப் படகுகள் அவர் கைபட்டவை. அவர் தானாக வந்து ஒட்டித்தருகிறேன் என்று கேட்டபோது, வாப்பா இறங்குதுறையில் நாலு பேருக்கு முன்னால், என்ட மகள் இதத்தான் பெரிய படிப்பாப் படிக்கிறா, உங்கட சிரட்டையில கலக்கிப் பூசுற வேலை எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டார். மனிதர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

படகுகளைக் கரையில் கட்டிப்போட்ட கச்சான் காற்று அடங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் துஆ ஓதி எல்லாப் படகும் ஒன்றாகக் கடலுக்கு இறங்குவதாகத் துறையில் முடிவு. அன்றைக்கு வாப்பாவின் படகு இறங்காவிட்டால் அவருக்கு வேறு வழி ஒன்றுதான் இருந்தது. கல்பிட்டியில் சுற்றுலாக்காரர்களுக்கு டொல்பின் காட்டுகிற படகில் ஆள் தேவையாம். வெள்ளைக்காரர்களுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, டொல்பின் வந்தால் அதோ என்று கை காட்ட வேண்டும். முப்பது வருஷம் தன் படகில் தானே சுக்கான் பிடித்த மனிதர். உம்மா இதைக் குசினி அடுப்படியில் வைத்து என் காதில் சொன்னா. சொல்லும்போது அவ சிரிக்கவில்லை.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், ஓம். நானோ, முதலில் பார்க்கிறேன் வாப்பா என்று சொல்லிவிட்டு மற்ற மீன் துண்டையும் தின்றேன்.

விடிந்ததும் வாசலில் கூட்டம். வாப்பா எழுந்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் என் முகத்தைப் படகிலிருந்து அவிழ்த்து, வெடிப்பைப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு இருந்தது. வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன், ம் என்றேன். எல்லாரும் ம் என்றார்கள். ஒருவர் தன் படகின் வெடிப்பை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுருக்கு வலை விஷயத்தில் கொஞ்சம் இளக்கமாக விதி போடும்படியும், சின்ன ஆட்களின் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். யோசிப்போம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

குசினிக்குள் ஓடி உம்மாவிடம் உண்மையைக் கொட்டினேன். உம்மா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தா. எலி என்றதும் கையை உதறினா.

"படகு ஒட்டப் போன இடத்தில எலி எதுக்கு?"

படகே இல்லை உம்மா, கலம் என்றால் இது வேறு கலம், கண்ணுக்குத் தெரியாதது என்று தொடங்கினேன். தட்டில் சும்மா போட்டால் கலங்கள் ஒட்டாது, அதனால் தட்டின் அடியில் ஜெலட்டின் பூசுவோம் என்றேன். ஹலாலா என்று கேட்டா. எலிதானே அதன் மேல் உட்காருகிறது, நானில்லையே என்றேன். அதுக்காக என்று இழுத்தா. மண்டை காய்ந்துபோய்க் கடைசியில் கல்யாண வீட்டைக் கையில் எடுத்தேன்.

கல்யாண வீட்டில் பெண்கள் அறையில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, என் கலங்களும் அப்படித்தான் ஒன்றாகக் கூட்டம் கட்டி இருக்கும் என்றேன். அந்தக் கூட்டத்தில் கதை காவுகிற ஒருத்தியும் இருப்பாள், என் கலங்களிலும் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. எல்லாரும் கை கோத்து இருக்கிற வரைக்கும் அவளும் அவர்களுடைய பிடியில் மாட்டிக்கொண்டு ஓரத்திலேயே கிடப்பாள். பிடி தளர்ந்தால் அவள் எழும்பி நேரே உள்வீட்டுக்குள், அதாவது கலத்தின் நடுவில் இருக்கிற கருவுக்குள் போய், கேட்டதையெல்லாம் அங்கே ஊதிவிடுவாள். அதோடு வீட்டு நிலைமையே மாறிவிடும். கலம் அதுவரைக்கும் இருந்த மாதிரி இருக்காது, ஏதோ ஒன்றாக ஆகத் தொடங்கிவிடும்.

உம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அது உன் மாமிதான் என்றா. மூன்று வருஷமாக என் பேராசிரியர் கூட என்னை இவ்வளவு கெதியாக விளங்கிக்கொண்டதில்லை. பிறகு உம்மா பால்துணியை முறுக்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டா.

"கைய விட்டுப் போய் வேற ஒண்டா ஆன கலம், பழையபடி திரும்பி வருமா?"

தானாக வராது உம்மா, ஆய்வுகூடத்தில் பாடாய்ப் படுத்தினால் வரும் என்றேன். உம்மா சக்கையை இன்னொரு தடவை பிழிந்தா. அதில் பால் ஏற்கனவே தீர்ந்துபோயிருந்தது.

வாப்பாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சனியும் ஞாயிறும் போனில் பைபர் ஒட்டுகிற வீடியோ பார்த்தேன். திங்கட்கிழமை புத்தளத்திலிருந்து ரெசினும், வெடிப்பின் மேல் விரித்துப் பூசுகிற பைபர் பாயும் வாங்குவித்தேன். ரெசின் சீனிப் பாணி மாதிரி இருக்கும், அதில் இறுக்கி மருந்து கொஞ்சம் விட்டுக் கலக்க வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று வீடியோக்காரன் தன் மொழியில் சொன்னது எனக்கு விளங்கவில்லை. தாராளமாக விட்டேன். பாயில் இரண்டு தடவை பூசியிருப்பேன், வாளி புகையத் தொடங்கியது. கொதித்து, வெடித்து, கல்லாகிவிட்டது. தூரிகை வாளிக்கு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றது. உதவிக்கு நின்ற வாப்பா உடுத்திருந்த சாரம் படகோடு ஒட்டிக்கொண்டது. உம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்து, நாலு பேருக்கு முன்னால் அவரைப் படகிலிருந்து வெட்டி எடுத்தா. ஒட்டு நல்ல பலம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பாராட்டினார்.

படகில் ஒட்டியது மட்டும் ஒட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வாப்பா அந்த ஒட்டின் ஓரத்தை நகத்தால் தொட்டார். அது முழுசாகக் கழன்று பப்படம் மாதிரி அவர் கைக்கு வந்தது. பின்பக்கம் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாக உப்பு. படகை நான் கழுவவும் இல்லை, தேய்க்கவும் இல்லை, காயவிடவும் இல்லை. எது எதில் ஒட்டும், எது எதில் ஒட்டாது என்று மூன்று வருஷமாக இரவு பகலாகப் படிக்கிறவள் நான். தட்டைச் சுத்தமாக்காமல், பூசாமல் கலத்தைப் போட்டதற்காக என் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டியதும் நான்தான். என் மானம் அப்போதே கப்பலேறிவிட்டது, வாப்பாவுக்குத்தான் ஏறுவதற்குப் படகு இல்லை.

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். நான் படிப்பது படகு இல்லை வாப்பா, எலி என்றேன். வாப்பா கழன்ற ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும் மகள். விஞ்ஞான டீச்சர் போன மாசமே சொன்னவ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்தும் ஏன் என்னை ஒட்ட விட்டீர்கள் என்று கத்தினேன், அழுகையெல்லாம் போய்விட்டது.

"படகு இல்லையெண்டு தெரியும். ஆனா ஒட்டுறது ஒட்டுறதுதானே எண்டு நினச்சன்."

மாம்புரிக்குப் போய் மன்னிப்புக் கேட்க அவருக்கு முகமில்லை. மகள் வந்தால் ஏதாவது செய்வாள் என்று ஒரு மாதம் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் செய்தது உங்களுக்குத் தெரியும்.

ஆக, மாம்புரிக்கு நான் போனேன். சனிக்கிழமைக்கு நாலு நாள். பைபர் ஒட்டுகிறவர் முற்றத்தில் ஒரு படகைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் நல்ல வசனங்களாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுக் கழன்ற ஒட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அங்கிள், இது நான் ஒட்டியது என்றேன்.

அவர் அதை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்பக்கத்து உப்பை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார், உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த மாதா படம் ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. இதற்கா பெரிய படிப்பு என்று கேட்டார். ஓம் அங்கிள் என்றேன். இரண்டு மாதக் கோபம் அதோடு தீர்ந்தது. ஆனால் தேய்ப்பது நான்தான் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

புதன்கிழமை முழுக்க நல்ல தண்ணீரில் கழுவினேன், மண்தாளால் தேய்த்தேன். விரல் நுனியில் தோல் போய்விட்டது. வியாழக்கிழமை வெயிலில் காயவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்தார். வாப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் படகைப் பார்த்துப் பேசினார்கள். காற்று எப்படி, காற்று பரவாயில்லை. அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

உள்பக்கமிருந்து பாய் வைத்து ரெசின் பூசும்போது, வெடிப்பு வழியாக ஒழுகாமல் வெளிப்பக்கம் ஒரு பொலித்தீன் தாளைப் பிடித்துக் கட்ட வேண்டும். அதை அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். மாம்புரிக்குப் போய் வந்தால் ஜும்ஆத் தொழுகை தப்பிவிடும் என்று வாப்பா பதறினார். மாம்புரிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கீழே கிடந்த பெனரை இழுத்து, இது காணும் என்று வெளிப்பக்கம் வைத்து இறுக்கிக் கட்டினார். என் முகம் படகைப் பார்த்தபடி இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பின்னேரம் பைபர் ஒட்டுகிறவர் பெனரை உரித்தார். ஒட்டு கல்லு மாதிரி பிடித்திருந்தது. ஆனால் வெடிப்பு வழியாக ஒழுகி வந்த ரெசின் பெனரின் மையை உருக்கித் தன்னோடு எடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் படகின் முன்பக்கம் வலது புறத்தில், இடமும் வலமும் மாறி, என் மூக்கு. மூக்கு மட்டும். பக்கத்தில் கண்ணாடியில் பார்த்தது போல "ஒட்டல்" என்ற சொல்லின் பாதி. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டா. நான் மண்தாளைத் தேடினேன். தேய்த்து எடுக்க வாப்பா விடவில்லை. ஒட்டு பழுதாகிவிடும் என்றார். பைபர் ஒட்டுகிறவர், மேலால் தேய்த்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தார். வாப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவரும், ஓம், பழுதாகிவிடும் என்றார்.

சனிக்கிழமை துஆவுக்குப் பிறகு படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வாப்பா தன் படகின் பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தபடி போனார். மிதவைச் சட்டை இல்லை, வெள்ளைக்காரர் இல்லை. என் மூக்கு முதல் அலையில் முங்கி, இரண்டாம் அலையில் எழும்பியது. கரையில் நின்ற எல்லாருமே சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த நாள் எனக்கு விமானம்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுகூடத்தில் இருக்கும்போது வாப்பா வீடியோ அழைப்பில் எடுத்தார். அப்போது நான் நுணுக்குக்காட்டியில், பிடியை விட்டுத் தட்டில் பரவிப் போய்விட்ட கலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இனித் திரும்பி வராதவை. பதிவுப் படிவம் புதுப்பிக்க வந்த உத்தியோகத்தர் முற்றத்தில் இருக்கிறார், ஒரு கட்டத்தில் மட்டும் சந்தேகம் என்று சொல்லி வாப்பா படிவத்தை போனுக்கு முன்னால் பிடித்தார். கலத்தின் அடையாளக் குறி என்று அதில் இருந்தது. என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். எழுதியாகிவிட்டது, சரியா பார் என்று மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"முன்பக்கம், வலது புறம், மகள்."

பின்னாலிருந்து உம்மாவின் குரல், மூக்கு என்று எழுதச் சொன்னேன், கேட்கிறார் இல்லை என்றது. ஒட்டு எப்படி இருக்கிறது வாப்பா என்று கேட்டேன். நல்லாப் பிடிச்சிருக்கு மகள், விடாது என்றார்.

நான் கலங்களை அப்படியே போட்டுவிட்டு, குளிரூட்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினேன். அதே மூக்குதான்.